சிக்கனப் பயணமும் விருந்தோம்பலும்: ஜான் மியூர், சே குவேரா பயண நூல்கள் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடற்கரை, பனியாறு, மலையேரி ஆகிய நிலக்காட்சிகளைக் குறைந்த பொருட்செலவில் கண்டுவந்தவர்களின் எழுத்து, உலகப் பயண இலக்கியத்தில் தனி வகையாக வளர்ந்துள்ளது. இவ்வகை நூல்கள் எளிமையைப் பயணியின் பண்பாகக் காட்டுகின்றன. பயணி செலவிடாத பொருளை, உழைப்பாகவும் உணவாகவும் இடமாகவும் வழியறிவாகவும் ஈந்தவர் யார் என்ற வினா இந்நூல்களின் திறனாய்வில் போதிய இடம் பெறவில்லை. ஜான் மியூரின் 'அலாஸ்காவில் பயணங்கள்', எர்னெஸ்டோ சே குவேராவின் 'மோட்டார் சைக்கிள் டைரி' ஆகிய இரு நூல்களையும் இவ்வினாவின் வழியே இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடும் ஆற்றுப்படை இலக்கிய மரபும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், சிக்கனப் பயணம், விருந்தோம்பல், கருப்பொருள், ஆற்றுப்படை, ஜான் மியூர், சே குவேரா

முன்னுரை

பயண நூல் ஒன்றை மதிப்பிடும்போது இயற்கை வருணனை, மொழிநடை, பண்பாட்டுச் செய்திகள் எனத் தலைப்புகள் வகுத்துக்கொண்டு ஆராய்வது வழக்கம். இம்முறையால் நூலின் உள்ளடக்கம் தெளிவுபடும். ஆயினும், வருணிக்கப்படும் இடத்திற்குப் பயணி எவ்வாறு போய்ச் சேர்ந்தார், அங்கு யாருடைய சோற்றை உண்டார், யாருடைய கூரையின்கீழ் உறங்கினார் என்பவை பின்னணித் தகவல்களாக ஒதுங்கிவிடுகின்றன. வசதியான பயணத்தில் இவ்வினாக்களுக்கு விடை எளிது: பணம் கொடுத்தார், பெற்றார். பணமின்றியோ சிறு பணத்துடனோ சென்றவரின் நூலில் இவற்றுக்கான விடையே நூலின் அறத்தைத் தீர்மானிக்கிறது.

பணம் குறைவாகச் செலவாகும் பயணத்திலும் அதற்கு வேண்டிய உழைப்பு குறைவதில்லை. துடுப்பை யாரோ வலிக்க வேண்டும். விறகை யாரோ சுமக்க வேண்டும். ஆபத்தான நீர்வழியை யாரோ அறிந்திருக்க வேண்டும். இந்த ஈகையையும் உழைப்பையும் நூல் எவ்வாறு எழுதுகிறது, எவ்வளவு எழுதுகிறது என்பதைச் சிக்கனப் பயண நூலின் தரத்தை அறியும் முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அளவுகோல்

தொல்காப்பியப் பொருளதிகாரம் பாடலுள் அமையும் பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினும் ஒன்று சிறந்து நிற்கும் என்பது இலக்கணிகள் கண்ட முறை. நிலக்காட்சி எவ்வளவு பெரிதாயினும் அது அடித்தளமே. அதன்மேல் வாழ்வோரின் உணவும் தொழிலும், அவற்றின்மேல் மனித உறவும் நிற்கின்றன. அகப்பாடலுக்கு வகுத்த இப்பாகுபாட்டை உரைநடைப் பயண நூலுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும், நிலத்தை எழுதும் ஒரு நூலில் கருப்பொருள் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று வினவுவதற்கு இது துணை செய்கிறது.

பொருளற்ற பயணியை மையமாகக் கொண்ட இலக்கிய வகையும் தமிழில் உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், கோவலர், உழவர், வலைஞர் எனப் பலருடைய குடியிருப்புகளும், அவ்வவ்விடத்தில் பாணனுக்குக் கிடைக்கும் உணவும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும், அங்கு வாழ்வோர் அளிக்கும் விருந்தையும் விரித்துரைக்கிறது. நிலவருணனையும் உணவு தருவோரும் இந்நூல்களில் பிரிக்கப்படவில்லை. வழியில் உண்ட சோறு யாருடையது என்பது பாட்டின் உள்ளேயே இருக்கிறது.

இம்மரபைக் குறையற்றதாகக் கொள்ளவும் இயலாது. ஆற்றுப்படையின் இலக்கு புரவலனின் புகழ். வழியில் விருந்தளிக்கும் எயினரும் வலைஞரும் பெயர் பெறுவதில்லை. அவர்களது ஈகையும் இறுதியில் தலைவனது நாட்டின் வளமாகவே எண்ணப்படுகிறது. ஈந்தவரைக் குறிப்பிடுவது வேறு, அவருக்குரிய இடத்தைத் தருவது வேறு என்ற வேறுபாட்டை இம்மரபே உணர்த்துகிறது. பின்வரும் இரு நூல்களையும் நோக்கும்போது இவ்வேறுபாடு நினைவில் இருத்தத்தக்கது.

மியூரின் பனியாறுகள்

ஸ்காட்லாந்தில் 1838-இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் மியூர், சிக்கனப் பயணத்தின் முன்னோடியாக இன்றும் போற்றப்படுபவர். 1867-இல் மெக்சிகோ வளைகுடாவை நோக்கி நெடுநடை மேற்கொண்டபோது, எதிர்பார்த்த பணம் வந்து சேராமல் சவானா நகரின் கல்லறைத் தோட்டம் ஒன்றில் பல இரவுகள் உறங்கியவர். ரொட்டியும் தேயிலையும் போதும் என்ற அவரது பயண முறை பெரும்புகழ் பெற்றது. அவருடைய 'அலாஸ்காவில் பயணங்கள்' 1914-இல் அவர் இறந்த பின்னர், 1915-இல் வெளிவந்தது. 1879, 1880, 1890 ஆகிய ஆண்டுகளின் பயணங்கள் அந்நூலின் மூன்று பகுதிகளாக அமைகின்றன.

இவற்றுள் 1879 அக்டோபரில் ராங்கல் கோட்டையிலிருந்து புறப்பட்ட படகுப் பயணம் நூலின் உயிர்ப்பகுதி. மியூருடன் சமயப் பணியாளர் சாமுவேல் ஹால் யங் சென்றார். படகைச் செலுத்தியவர்கள் டோயாட், கடச்சன், ஸ்டிக்கீன் ஜான், சிட்கா சார்லி என்னும் நால்வர். மியூர் இவர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். டோயாட் தலைமை ஏற்றதற்குப் படகு அவருக்குச் சொந்தமானது என்பதையும், கடலிலும் காட்டிலும் அவருக்கிருந்த தேர்ச்சியையும் காரணங்களாகக் கூறுகிறார். இந்த நேர்மை பாராட்டத்தக்கது. படகோட்டிகளைப் பெயரற்ற கூலிகளாக விட்டுவிடும் அக்காலப் பயண நூல்கள் பலவற்றிலிருந்து இது வேறுபடுகிறது.

பனியாற்று வளைகுடாவுக்கு அவர்கள் சென்றடைந்த விதத்தைக் காண்போம். மியூரின் கையில் இருந்தது வான்கூவரின் கடல் வரைபடம். 1794-இல் அக்குழுவினர் அவ்வழி வந்தபோது வளைகுடாவின் வாயை மாபெரும் பனித்திரள் அடைத்திருந்தது. அடுத்த 85 ஆண்டுகளில் பனி பல பத்துக் கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டதால் வரைபடம் அங்குப் பயன்படவில்லை. அப்படியொரு பனி வளைகுடா இருப்பதைச் சொன்னவர் சிட்கா சார்லி. சிறுவனாகத் தந்தையுடன் கடல்நாய் வேட்டைக்குச் சென்ற நினைவே அவருக்கு வழிகாட்டி. அங்கு மரம் இல்லை, விறகை முன்னரே ஏற்றிச் செல்ல வேண்டும் என்றவரும் அவரே. வழியில் கடல்நாய் வேட்டையாடிக்கொண்டிருந்த ஹூனா மக்கள் தம் குடிலில் இடம் தந்தனர். அவர்களுள் ஒருவர் வழிகாட்டியாக உடன் வந்தார்.

ஆக, இப்பயணத்தின் படகும் வழியறிவும் விறகு பற்றிய எச்சரிக்கையும் இரவுக் கூரையும் திலிங்கிட் மக்களுடையவை. இவ்வனைத்தையும் நாம் அறிவது மியூரின் நூலிலிருந்தே. ஆனால் பனிச்சுவர் கண்ணில் பட்டதும் நூலின் அமைப்பு மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்ய யங் மறுத்ததால் குழு முகாமில் தங்க, மியூர் மழையில் தனியே மலையேறுகிறார். நூலின் உச்சமான வருணனை அங்கு நிகழ்கிறது. அதில் ஒரே ஒரு கண்தான் இருக்கிறது. நிலம் மிகப் பெரிதாக விரியும் இடத்தில் மாந்தர் காட்சியை விட்டு அகன்றுவிடுகின்றனர். முதற்பொருள் கருப்பொருளை விழுங்கும் இடம் இது.

முகாமுக்கு மீளும் மியூர், படகோட்டிகள் மனம் தளர்ந்திருப்பதைக் காண்கிறார். புயலில் மலையேறுவது ஏன் என்று அவர்கள் யங்கிடம் வினவியிருந்தனர். அறிவைத் தேடித்தான் என்ற விடையைக் கேட்ட டோயாட், இத்தகைய இடத்தில் இத்தகைய வானிலையில் அறிவைத் தேடுபவர் மந்திரவாதியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். பனிப்பாறைகளுக்கிடையே படகு நொறுங்கலாம் என்ற அச்சமும் வெளிப்படுகிறது. மியூர் அவர்களுக்கு ஓர் உரை நிகழ்த்துகிறார்: பத்தாண்டுகளாகத் தனியே அலைந்த தம்மை நற்பேறு என்றும் கைவிட்டதில்லை என்கிறார். அவர்கள் தேறுகின்றனர். தம் படகு நொறுங்கினாலும் கவலையில்லை, மறுவுலகுக்குச் செல்ல நல்ல துணை கிடைத்திருக்கிறது என்ற பொருளில் டோயாட் பேசுகிறார்.

இக்காட்சி பொதுவாக மியூரின் ஊக்கத்துக்குச் சான்றாகவும், படகோட்டிகளின் மூடநம்பிக்கை கலந்த நகைச்சுவையாகவும் வாசிக்கப்படுகிறது. நூலின் தொனியும் அவ்வாசிப்பையே தூண்டுகிறது. நூல் தரும் செய்திகளையே கொண்டு வேறு விதமாகவும் இதனை வாசிக்கலாம். டோயாட்டின் அச்சம் அறியாமையால் வந்ததன்று. அவ்வளைகுடாவின் பனிப்பாறைகளை அறிந்த வேட்டுவர்கள் சொன்ன செய்தியால் வந்தது. குளிர்காலம் நெருங்கும் வேளையில் இடருக்குள்ளாவது அவருடைய படகு. மியூர் தம் நற்பேற்றைப் பணயம் வைக்கிறார். டோயாட் தம் வாழ்வுக்கான கருவியைப் பணயம் வைக்கிறார். இரண்டையும் ஒரே துணிவாக நூல் காட்டுவது இவ்வேற்றத்தாழ்வை மறைக்கிறது.

மறைக்கப்படும் செய்தி இன்னொன்றும் உண்டு. மியூர் மனிதக் கால் படாத தூய நிலமாக உணர்ந்த அவ்வளைகுடா, ஹூனா திலிங்கிட் மக்களின் தாயகம். 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி ஊர்களை அழித்தபோது அவர்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. இதனை அவர்களது வாய்மொழி மரபு இன்றும் காத்து வருகிறது. பின்னர் 1925-இல் அப்பகுதி தேசிய நினைவிடமாகவும் 1980-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு அவர்களது வேட்டை உரிமைகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2016-இல் தான் வளைகுடாக் கரையில் அவர்களுக்குரிய குலமனை எழுப்பப்பட்டது. ஒரு நிலத்தை ஆளற்ற காட்சியாக எழுதுவதற்கும், அதில் வாழ்ந்தோரை வெளியே நிறுத்தும் ஆட்சி முறைக்கும் தொடர்பில்லை எனக் கூற இயலாது. மியூர் ஒருவரே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். அவருடைய நூல் அப்பார்வைக்கு அழகிய மொழி தந்தது என்பது பொருந்தும்.

1880-இல் மியூர் மீண்டும் வந்தபோது டோயாட் உயிரோடில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் ராங்கலில் இரு குழுவினரிடையே நிகழ்ந்த மோதலில் அவர் கொல்லப்பட்டிருந்தார். மியூர் அவரை உண்மையான துயரத்தோடு நினைவுகூர்கிறார். பின்னர் படகு வேறு துணைவர்களோடு புறப்படுகிறது, பனியாறுகள் தொடர்கின்றன. நட்பு உண்மை, துயரம் உண்மை. ஆனால் பயணத்தின் பொருளை அவை மாற்றவில்லை.

குவேராவின் ஏரிகள்

1952 ஜனவரியில், 24 வயதுகூட நிரம்பாத மருத்துவ மாணவர் எர்னெஸ்டோ குவேராவும் அவருடைய நண்பர் ஆல்பெர்டோ கிரனாடோவும் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் அர்ஜெண்டினாவைக் கடக்கத் தொடங்கினர். குவேராவுக்கு அப்போது 23 வயது. அட்லாண்டிக் கரையின் மிராமார் கடற்கரை, ஆண்டீஸ் அடிவாரத்தின் ஏழு ஏரிகள், நவெல் வாப்பி ஏரிக்கரையிலுள்ள பரிலோச்சே நகர், அங்கிருந்து ஏரிகள் வழியாகச் சிலி என்பது பயணத்தின் முதற்பகுதி. குவேரா தம் நாட்குறிப்பைப் பின்னர் திருத்தி எழுதிய வடிவமே இன்று கிடைக்கும் நூல். ஆகவே, அதிலுள்ள தன்னெள்ளல் முழுவதும் அந்தந்த நாளின் உணர்வு என்று கொள்ளலாகாது; அது ஓர் எழுத்து முறை.

இந்நூலில் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. யார் இறைச்சி தந்தார், யார் கொட்டகையில் இடம் தந்தார், யார் மறுத்தார் என்று பக்கந்தோறும் எழுதப்படுகிறது. சிலியின் எல்லையில் எஸ்மெரால்டா ஏரியைக் கடக்கக் கட்டணம் இல்லாதபோது, ஒழுகும் தோணியின் அடியில் தேங்கும் நீரை இறைத்து அவர்கள் வழி பெறுகின்றனர். புகழ்பெற்ற அந்த ஏரிக்கடப்பை நூல் இறைப்பு வேலையின் பக்கமிருந்து காட்டுகிறது. சிலியில் ஒரு நாளிதழ் இருவரையும் தொழுநோய் வல்லுநர்களாக எழுதிவிட, அப்புகழைக் காட்டி உதவி பெற்றதையும், உணவும் மதுவும் பெறக் கையாண்ட சிறு தந்திரங்களையும் குவேரா மறைக்கவில்லை. காட்டுப்பூனை இனத்து வேட்டை விலங்கு என அஞ்சி இருளில் சுட்டு, தங்க இடம் கொடுத்த வீட்டாரின் வளர்ப்பு நாயைக் கொன்றதையும் எழுதுகிறார். விருந்தளித்தவர் செலுத்திய விலை அது.

நிலவருணனையில் நேரும் மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏழு ஏரிகளின் வழியே செல்கையில், ஒன்றுபோல் தோன்றும் ஏரிகளும் காடுகளும் திகட்டத் தொடங்குவதாகவும், மேலோட்டமான பார்வை மலையின் உட்பொருளைத் தொடாது, அதற்குப் பல நாள் தங்க வேண்டும் என்றும் குவேரா கருதுகிறார். அழகை மறுக்கும் கூற்றன்று இது. விரைந்து செல்லும் பயணியின் பார்வைக்குள்ள எல்லையை ஒப்புக்கொள்ளும் கூற்று. அப்பகுதியின் பண்ணை ஆட்களான அரௌகானியர் தம்மிடம் முகம் கொடுத்துப் பேசாததைக் குறிப்பிடும்போது, வெள்ளையரால் அவர்களுக்கு நேர்ந்த துன்பத்தையும் தொடரும் சுரண்டலையும் காரணமாகக் காட்டுகிறார். மியூரின் நூலில் பழங்குடியினரின் தயக்கம் பயணியின் உரையால் தீர்க்கப்படுகிறது. இங்கு அது தீர்க்கப்படாமல் நிற்கிறது. அதற்கு வரலாறு உண்டு என ஏற்கப்படுகிறது.

இருவகை வறுமை

இந்நூலையும் ஐயமின்றி ஏற்றல் ஆகாது. பிறரிடம் உண்டு உறங்கிச் செல்ல இவ்விருவரால் இயன்றதற்கு அவர்களது கல்வியும் நிறமும் பேச்சும் காரணம். மருத்துவ மாணவர் பசியோடு வந்தால் அது சுவையான செய்தி. கூலியாள் பசியோடு வந்தால் அது அன்றாடம். நூலின் முற்பகுதியில் குவேரா இதனை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மோட்டார் சைக்கிள் சிலியில் முற்றாகப் பழுதடைந்த பின், வடசிலியின் பாலைவனத்தில் பக்கெடானோ அருகே அவர்கள் ஒரு தொழிலாளத் தம்பதியரைச் சந்திக்கின்றனர். சிலியில் 1948 முதல் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. அக்கட்சியைச் சேர்ந்த கணவர் சிறையிலிருந்து மீண்டு, கந்தகச் சுரங்கம் ஒன்றில் வேலை தேடி மனைவியுடன் செல்கிறார். அவர்களிடம் போர்த்திக்கொள்ள எதுவுமில்லை. நண்பர்கள் தம் போர்வைகளுள் ஒன்றைத் தருகின்றனர். தாம் மிகுந்த குளிரை உணர்ந்த இரவுகளில் அது ஒன்று எனவும், தமக்கு அதுவரை அயலாயிருந்த மாந்தரோடு நெருக்கம் உணர்ந்த இரவு எனவும் குவேரா எழுதுகிறார்.

இந்நூலின் திருப்பம் இங்கு நிகழ்கிறது எனலாம். ஒரே சாலையில், ஒரே இரவில், கையில் பணமில்லாத இரு இணையர். இருவரும் வழிநடப்பவரே. ஒருவருடைய நடைக்குப் பயணம் என்று பெயர். மற்றவருடையதற்கு அப்பெயர் இல்லை. ஒருவர் விரும்பினால் வீடு திரும்பலாம். மற்றவருக்குத் திரும்ப இடமில்லை. சிக்கனப் பயண இலக்கியம் பெரும்பாலும் காட்டாமல் கடந்துவிடும் இவ்வேறுபாட்டைக் குவேரா எதிர்கொள்கிறார். அதுவரை பெற்றே வந்தவர் முதன்முறையாகக் கொடுக்கிறார். கொடுத்த போர்வையின் சிறுமையையும் உணர்கிறார். உரிப்பொருள் நிலத்தை விஞ்சி நிற்கும் இடம் இது. பாலைவனம் அங்கு வருணனையாகத் தனித்து நிற்கவில்லை; குளிராக நால்வர் உடலிலும் இறங்குகிறது.

முடிவுரை

மியூரின் மொழி வளத்தைக் குவேராவின் நூலில் காண இயலாது. பனியாற்றின் ஒளியை, நீரில் பனிப்பாறை வீழும் ஓசையை எழுதியதில் மியூருக்கு நிகரானவர் சிலரே. பனியாறுகள் பின்வாங்கிவரும் இக்காலத்தில் அவ்வருணனை வரலாற்றுச் சான்றாகவும் மதிப்புடையது. ஆகவே ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தள்ளுவது இவ்வொப்பீட்டின் நோக்கம் அன்று. இதன்வழிப் பெறப்படும் முடிவுகள் மூன்று.

முதலாவது, பயணியின் எளிமையைத் தனிமனிதப் பண்பாக மட்டும் மதிப்பிடுதல் போதாது. அவ்வெளிமை எவருடைய ஈகையின்மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இரண்டாவது, ஈந்தவரின் பெயரைச் சொல்வதோடு கடமை முடிவதில்லை. ஆற்றுப்படைகள் ஈவோரைச் சொல்லியும் புகழைத் தலைவனுக்கே சேர்க்கின்றன. மியூர் டோயாட்டைப் பெயரால் போற்றியும் காட்சியின் உச்சத்தில் தனித்தே நிற்கிறார். ஈந்தவரைச் சந்தித்ததால் நூலின் பார்வை மாறியதா என்பதே உரிய வினா. குவேராவின் நூலில் அம்மாற்றம் தாமதமாகவேனும் நிகழ்கிறது.

மூன்றாவது, இயற்கை வருணனை என்னும் தலைப்பைக் கருப்பொருளிலிருந்து பிரித்து ஆராயும் முறை மறுபரிசீலனைக்கு உரியது. ஏரியின் அழகையும் தோணியில் நீர் இறைத்தவர் கையையும் இரு வேறு இயல்களில் வைத்தால் நூலின் அறம் இரண்டிற்கும் இடையே நழுவிவிடும். தமிழில் பெருகிவரும் பயண நூல்களுக்கும் இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். குறைந்த செலவில் கண்ட காட்சியை எழுதுபவர், அச்செலவைக் குறைத்துத் தந்தவரை எங்கே வைக்கிறார் என்ற வினா, அந்நூல்களைப் பற்றிய ஆய்வுக்கும் புதிய வழியைத் திறக்கும்.